ஞாயிற்றுக்கிழமைக் கூழ் சனிக்கிழமை காலையிலேயே ஆரம்பிக்கிறது

ஆடி பிறந்தால் தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, காசிமேடு பக்கம் ஒரு ஞாயிறு விடாமல் ஏதாவது ஒரு தெருவில் மைக்செட் கத்தும். சுவரில் ஒட்டிய நோட்டீசில் ‘சாகை வார்த்தல்’ என்று இருக்கும். வாயில் வருவது ‘கூழ் ஊத்துறாங்க’. வருஷத்துக்கு வருஷம் நோட்டீஸ் பெரிதாகிறது, பந்தல் பெரிதாகிறது, கூழ் மட்டும் தண்ணியாகிறது. மாவு போதாமல் இல்லை, நேரம் போதாமல். ஞாயிறு விடியற்காலை மாவைக் கரைத்து, உடனே கிண்டி, புளிப்புக்குக் கடைத் தயிரையோ எலுமிச்சம்பழத்தையோ சேர்த்துக் கலக்கி, பத்து மணிக்கு அண்டாவை வெளியே வைக்கிறார்கள். அதற்குப் பெயர் கேழ்வரகுக் கஞ்சி. கூழ் என்றால் இரண்டு தடவை புளித்திருக்க வேண்டும்: மாவாக ஒரு முறை, களியாக ஒரு முறை.

அளவு மனப்பாடமாக இருந்தால் கணக்கு சுலபம். 1 கிலோ கேழ்வரகு மாவுக்குக் கால் கிலோ நொய். இது கரைத்து முடிக்கும்போது சுமார் 10 லிட்டர் கூழாகும். ஆளுக்கு 200 மில்லி என்றால் 50 பேர். 500 பேருக்கு 10 கிலோ மாவு, இரண்டரைக் கிலோ நொய். ஆனால் 10 கிலோவையும் ஒரே அண்டாவில் போடாதீர்கள். எவ்வளவு தோள்பலம் இருந்தாலும் துடுப்பு அடிவரை போகாது. இரண்டு அடுப்பு, இரண்டு அண்டா, அண்டாவுக்கு ஐந்து கிலோ.

கேழ்வரகைக் கல் பார்த்து, அலசி, நன்றாகக் காயவைத்து மில்லில் அரைத்தால் சிலாக்கியம். ஈரம் இருந்தபடியே அரைத்தால் மாவு இரண்டே நாளில் சிக்கு வாடை அடிக்கும். பாக்கெட் மாவும் ஓடும். மிக நைசாக இருப்பதால் கட்டி தட்டுவது மட்டும் அதிகம்.

சனிக்கிழமை காலை ஆறு மணி: 1 கிலோ மாவுக்கு 2 லிட்டர் தண்ணீர். முதலில் கொஞ்சமாக ஊற்றி, கையால் பிசைந்து, பிறகு தளர்த்தவும். மொத்தத் தண்ணீரையும் ஒரேயடியாகக் கொட்டினால் மாவு முண்டு முண்டாக மிதக்கும். பாத்திரத்தில் மூன்றில் ஒரு பங்கு காலியாக இருக்கட்டும், நுரைத்துப் பொங்கும். வீட்டில் பழைய கூழ் இருந்தால் அரை டம்ளர் விட்டால் போதும், புளிப்பு சீக்கிரம் பிடிக்கும். இல்லாவிட்டால் பழைய சோற்று நீராகாரம். மேலே வெள்ளைத் துணி கட்டி நிழலில் வைக்கவும். சென்னை ஆடி வெக்கையில் பத்து, பன்னிரண்டு மணி நேரம் தாராளம். மாலையில் துணியை எடுத்தால் மேலே சிறு குமிழிகளும், மோரை ஒத்த புளிப்பு வாசமும் இருக்க வேண்டும். மூக்கைச் சுளிக்கவைக்கும் நாற்றமோ, கருப்பு, ரோஸ் நிறத்தில் படலமோ தெரிந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். கொதிக்கவைத்தால் சரியாகிவிடும் என்பது தப்புக் கணக்கு.

மாவு புளிப்பதும், களி இரவைக் கழிப்பதும் அலுமினிய அண்டாவில் வேண்டவே வேண்டாம். புளிப்பு அலுமினியத்தை அரிக்கும். கூழ் சாம்பல் பூத்து, நாக்கில் உலோகம் தட்டும். மண்பானை முதல் தரம், எவர்சில்வர் அடுத்தது. கொசப்பேட்டையில் வாங்கிய புதுப்பானை என்றால் ஒரு நாள் தண்ணீரில் ஊறவிட்டு, அரிசி கழுவிய நீரைக் காய்ச்சி ஊற்றி, பிறகு பழக்கவும். இல்லாவிட்டால் கூழ் முழுக்க மண் வாடை.

மாலை ஆறுக்கு அடுப்பு. கால் கிலோ நொய்க்கு 3 லிட்டர் தண்ணீர் கொதிக்கவைத்து, நொய்யைக் கழுவிப் போட்டு, விரலில் நசுக்கினால் பசையாகும் வரை குழையவிட வேண்டும். நொய் விறைப்பாக இருக்கும்போதே மாவை ஊற்றுவதுதான் பல இடத்தில் நடக்கிற கோளாறு. மாவு சுற்றிக்கொண்ட பிறகு நொய் வேகாது. மறுநாள் கூழில் மணல் மாதிரி கடிபடுவது அதனால்தான். நொய் குழைந்ததும் தீயைத் தணித்து, புளித்த மாவை அடியோடு கலக்கி, நூல் பிடித்த மாதிரி ஒருவர் ஊற்ற, இன்னொருவர் துடுப்பை நிறுத்தாமல் சுழற்ற வேண்டும். துடுப்பு பாத்திரத்தின் நடுவில் மட்டும் சுற்றினால் போதாது, ஓரம் பிடித்து அடியை வழித்து வர வேண்டும். ஐந்து கிலோ மாவுக்கு முக்கால் மணி நேரமாவது ஆகும். முதலில் வெளிறிய சிவப்பாக இருப்பது, வேக வேகக் கறுத்து மினுமினுக்கும். தண்ணீரில் நனைத்த விரலால் தொட்டுப் பாருங்கள்: ஒட்டாமல் வந்தால் வெந்துவிட்டது, பிசுக்கென்று ஒட்டினால் இன்னும் மாவு.

அடி பிடித்துவிட்டதா? சுரண்டாதீர்கள். துடுப்பை நிறுத்தி, மேலாகக் களியை வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள். கருகலை ஒரு தடவை கிளறிவிட்டால் அத்தனை களியிலும் தீய்ந்த வாடை ஏறும், எவ்வளவு மோர் ஊற்றினாலும் போகாது.

களி அப்படியே ஆறி, இரவு முழுக்க மூடியபடி இருக்கட்டும். ஞாயிறு காலை எட்டுக்கு மேல் கையால் பிசைந்து கரைக்கலாம். 1 கிலோ மாவுக் களிக்கு 3 லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீர், ஒரு லிட்டர் கடைந்த தயிர். உப்பு அப்போதுதான். சின்ன வெங்காயத்தை அரிந்து மொத்த அண்டாவிலும் கொட்டுகிற பழக்கம் உண்டு. வெயில் ஏறினதும் அண்டாவே வெங்காய வாடை எடுக்கும். தனித் தட்டில் வைத்து, ஊற்றும்போது போடுவதுதான் சரி. கரைத்த கூழ் மத்தியானம் மூன்று மணிக்குள் தீர்ந்துவிட வேண்டும். கடைசி நேரத்தில் கூட்டம் அதிகமாகிவிட்டால் பச்சைத் தண்ணீரை ஊற்றி நீட்டுவார்கள். தெருவோடு வயிற்றுப்போக்கு வருவதற்கு அதைவிடச் சுருக்கு வழி இல்லை. கொஞ்சம் களியைக் கரைக்காமல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

தொட்டுக்கொள்ள முருங்கைக்கீரை, மாங்காய், மோர்மிளகாய். கருவாட்டுக் குழம்பு இல்லாமல் வடசென்னையில் ஆடிக் கூழ் நிறைவாகாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான மீன்பிடித் தடைக்காலம் ஆடிக்கு முன்பே முடிந்துவிடுவதால் காசிமேட்டில் புதுக் கருவாடு கிடைக்கும். சுடுதண்ணீரில் இரண்டு முறை அலசாமல் குழம்பில் போட்டால் உப்பு தூக்கிவிடும்.

இனி கரகம். காப்பு கட்டின பிறகுதான் கரகம். மஞ்சள் நனைத்த நூலில் மஞ்சள் கிழங்கைக் கோத்து அம்மனுக்கும் கரகம் எடுப்பவருக்கும் கட்டுவார்கள். காப்பு அவிழ்க்கும் வரை அவர் விரதம். 3 லிட்டர் பிடிக்கிற பித்தளைக் குடம், மஞ்சள் நீர், உள்ளே ஒரு நாணயம், எலுமிச்சம்பழம். குறைகுடம் தளும்பும் என்பது இங்கே பழமொழி இல்லை, வேலைமுறை. அரைக் குடத்தோடு ஆடினால் தண்ணீர் ஒரு பக்கம் அடித்துக் கழுத்தை இழுக்கும். கழுத்து வரை நிரப்புங்கள். வாயில் வேப்பங்கொத்தின் காம்புகளை ஆப்பு மாதிரி இறுக்கிச் செருகி, சுற்றி மூங்கில் தப்பைகளை நிறுத்தி, அதன்மேல் சம்பங்கியும் செவ்வந்தியும் அரளியும் சுற்றி வர வேண்டும். கட்டுவதற்குப் பருத்தி நூல், நனைத்தது. நைலான் கயிறு பித்தளையில் வழுக்கும், ஆட்டத்தில் முடிச்சு இளகும். கனமான மாலை அடியில், லேசான பூ உச்சியில். இதை மாற்றிச் செய்துவிட்டுத்தான் ‘ஆத்தா இன்னைக்கு நிக்க மாட்டேங்குறா’ என்பார்கள். ஆத்தா நிற்பாள், உச்சிகனம்தான் நிற்காது.

குடமும் நீரும் பூவும் சேர்ந்தால் ஏழெட்டு கிலோ. தலையில் சும்மாடு தடிமனாக இருக்கட்டும். முக்கியமாக ஒன்று: ஜோடித்த கரகத்தின் உயரத்தை ஆள் உயரத்தோடு கூட்டிப் பார்த்து, ஊர்வலம் போகிற வழியில் சீரியல் பல்பு ஒயர், கேபிள் ஒயர் எல்லாம் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்று முதல்நாளே நடந்து பாருங்கள். நம்ம சந்துகளில் அது கைக்கு எட்டுகிற உயரம்.

கரகத்தை ஜோடித்தால் மட்டும் அம்மன் வந்துவிட மாட்டாள், அழைக்க வேண்டும். பம்பைக்காரர் பம்பையும் உடுக்கையும் கைச்சிலம்புமாக வர்ணிக்கும்போதுதான் அழைப்பு. அந்த நேரம் ஸ்பீக்கரில் சினிமா பாட்டு ஓடினால் பக்கத்தில் நிற்பவருக்கே வர்ணிப்பு கேட்காது. அரை மணி நேரம் ஆம்ப்ளிஃபையரை அணைப்பதில் எந்தக் கமிட்டிக்கும் நஷ்டமில்லை.

நம்ம பேட்டைகளில் தெலுங்குக் குடும்பங்களும் நிறைய இருப்பதால் ஒரு குழப்பம் வரும். ஐதராபாத்தின் அம்மன் திருவிழாவான போனாலுவும் ஆடிக் கூழும் ஒரே மாதமா என்று. இல்லை. அவர்களுடைய ஆஷாடம் சந்திரக் கணக்கு, பெரும்பாலும் நம் ஆடிக்கு முன்பே தொடங்கிவிடும். நம்முடையது சூரியக் கணக்கு, ஜூலை 17 வாக்கில் பிறக்கும். போனம் என்பது சோறு வைத்த பானை. வேப்பிலை கட்டி, மேலே விளக்கேற்றிப் பெண்கள் தலையில் சுமப்பார்கள். கோல்கொண்டாவில் தொடங்கி, செகந்திராபாத் உஜ்ஜயினி மகாகாளி, பிறகு லால்தர்வாஜா என்று வாரம் வாரமாக நகரும். அங்கே அம்மனுக்குத் தம்பியாக முன்னே ஆடிவரும் போத்தராஜுதான், நம் வடமாவட்டத் திரௌபதி அம்மன் கோயில்களில் நிற்கிற போத்துராஜா. பெங்களூர் கரகமும் திரௌபதிக்குத்தான், ஆனால் அது சித்ரா பௌர்ணமி. பானையும் வேப்பிலையும் எல்லா ஊரிலும் உண்டு, நாள்தான் வேறு.

இரவு கும்பம். அம்மன் எதிரில் இலை பரப்பிச் சோற்றைக் குவித்து, கருவாட்டுக் குழம்பு, கீரை, முட்டை வைத்து, உச்சியில் கற்பூரம். குழந்தை வரம் கேட்பவர்கள் அந்தச் சோற்றை மடியேந்தி வாங்குவார்கள். கற்பூரத்தைச் சோற்றின்மேல் நேராக வைக்காமல் வெற்றிலையில் வைத்தால் மெழுகு மாதிரி உருகி இறங்காது. சாப்பிடுகிற சோறு அது.

மறுநாள் கரகம் கலைக்கும்போது நூலை அறுத்து, தப்பைகளை உருவி, நாணயத்தை எடுத்துவிட்டு, மஞ்சள் நீரை வேப்பமரத்தடியில் ஊற்ற வேண்டும். தெருவில் மரமே இல்லை என்றால் யார் வீட்டுத் துளசித் தொட்டியிலாவது ஊற்றலாம், சாக்கடையில் மட்டும் கூடாது.