குடமும் சேலையும்: படவேட்டு அம்மனை நாடி ஒரு நாள்

வேலூரிலிருந்து படவேடு ரேணுகாம்பாள் கோயிலுக்குச் செல்பவர்கள் பெரும்பாலும் கண்ணமங்கலம், சந்தவாசல் வழியாக நேரே போய், தரிசனம் முடித்து, வந்த வழியே திரும்பிவிடுகிறார்கள். அன்னையின் கதை ஒரு மண்குடத்தில் தொடங்கி ஒரு சேலையில் வந்து நிற்கிறது; மண்ணை வனைகிற ஊரும் சேலை நெய்கிற ஊரும் பழைய வடஆர்க்காட்டில் இன்றும் இருக்கின்றன. ஆகவே காலையில் கரிகிரி, நண்பகலில் படவேடு, மாலையில் ஆரணி என்று வகுத்துக்கொண்டு, குடும்பத்துடன் ஒரு வியாழக்கிழமை புறப்பட்டோம்.

கரிகிரி காட்பாடிக்கு அப்பால் இருக்கிறது. 1955-இல் தொடங்கப்பட்ட தொழுநோய் மருத்துவமனையால் வெளியுலகம் அறிந்த ஊர். மண்பாண்டத் தொழிலுக்கும் பெயர் பெற்றது. பளபளப்பான பூச்சுடன் சூளையிலிருந்து வரும் கரிகிரிக் கூஜாக்களையும் குவளைகளையும் எங்கள் வீடுகளில் முன்பெல்லாம் பார்த்திருக்கிறோம். நாங்கள் சென்ற வீட்டில் ஒரு பெரியவர் சக்கரத்தின் நடுவில் மண் உருண்டையை அறைந்து வைத்து, இரு கைகளையும் நனைத்துக்கொண்டு, கட்டைவிரலை உள்ளே அழுத்தினார். சுவர் எழும்பியது, கழுத்து ஒடுங்கியது, விளிம்பு விரிந்தது. கடைசியில் ஒரு நூலை அடியில் இழுத்துக் குடத்தைச் சக்கரத்திலிருந்து அறுத்தெடுத்தார். வெயிலில் காய்ந்த குடம் ஒன்றைக் காட்டி, இதில் தண்ணீர் ஊற்றலாமா என்று என் மகள் கேட்டாள். "சுடாத மண்ணும்மா இது. தண்ணி ஊத்தினா கரைஞ்சி போயிடும், பாப்பா" என்றார்.

அந்த ஒரு பதிலில் ரேணுகையின் கதை எனக்குப் புதிதாக விளங்கியது. கணவரான சமதக்கினி முனிவரின் பூசைக்காக அவள் நாள்தோறும் ஆற்றங்கரைக்குப் போய், ஈரமணலையே குடமாகத் திரட்டி, நாகத்தைச் சும்மாடாகச் சுருட்டித் தலையில் வைத்து, நீர் சுமந்து வருவாளாம். நெருப்பைக் காணாத மண் நீரைத் தாங்காது என்பது குயவருக்கு அன்றாட அறிவு. அவளுடைய கற்பின் வலிமை அந்த இயற்கையையே மாற்றி நிறுத்தியது என்பதுதான் கதை சொல்லும் அற்புதம். ஒரு நாள் வானில் சென்ற கந்தர்வனின் நிழலை நீரில் கண்டு ஒரு கணம் வியந்தாள். குடம் உடைந்தது. முனிவரின் ஆணைப்படி மகன் பரசுராமன் தாயின் தலையை வெட்டி, பின்பு தந்தையிடம் வரம் பெற்று அவளை உயிர்ப்பித்தான். ஒரு கணத்து வியப்புக்கு இத்தனை பெரிய தண்டனையா என்று இக்கதையைக் கேட்கும்போதெல்லாம் மனம் பதறும். அதே ரேணுகையைத் தாயாகக் கருவறையில் வைத்து, தலைமுறை தலைமுறையாக நம் மக்கள் கும்பிட்டு வந்திருப்பதே அக்கேள்விக்கு அவர்கள் அளித்த பதில் என்று நான் நம்புகிறேன்.

படவேடு இன்று அமைதியான ஊர். சம்புவராய மன்னர்களின் தலைநகராக விளங்கிய இடம் என்பதை, சுற்றிலும் சிதறிக்கிடக்கும் கோயில்கள்தாம் சொல்லுகின்றன. 1989-இல் வடஆர்க்காடு மாவட்டம் பிரிக்கப்பட்டபோது, தெற்குப் பகுதிக்குத் திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டம் என்றே பெயரிட்டார்கள். யோகராமர் கோயிலில், அமர்ந்த கோலத்தில் இராமபிரானும் அவர் முன்னே சுவடி ஏந்திய அனுமனும் இருக்கும் காட்சியைத் தவறவிடக் கூடாது.

ரேணுகாம்பாள் கருவறையில் சிரசு வடிவில் அருள்புரிகிறாள். உடல் வேண்டாத அந்தத் திருமுகத்தின் முன் நின்றபோது, காலையில் கண்ட குடத்தின் நினைவு வந்து கண் கலங்கியது. இங்கே மண்ணிலிருந்து தோண்டியெடுக்கும் திருநீற்றையே பிரசாதமாகத் தருகிறார்கள். சமதக்கினி வேள்வி செய்த இடத்துச் சாம்பல் அது என்பது ஐதீகம். பொட்டலத்தைப் பிரித்தால் மண்மணம் வருகிறது.

வெளியே ஓர் இளம்பெண்ணுக்கு வேப்பஞ்சேலை உடுத்திக்கொண்டிருந்தார்கள். இடுப்பைச் சுற்றிக் கயிறு கட்டி, அதில் வேப்பங்கொத்துகளைக் காம்பு மேலாக, தழை கீழாக, இடைவெளி தெரியாமல் அவளுடைய மாமியார் செருகிக்கொண்டே வந்தார். தோளுக்கும் அதேபோல் ஒரு சுற்று. தலையில் தண்ணீர் ஊற்றியதும் தழை முழுவதும் ஈரமாகி, கசப்பு மணம் பிராகாரம் எங்கும் பரவ, அந்தப் பெண் கைகூப்பி வலம்வரத் தொடங்கினாள். இந்த நேர்த்திக்கடனுக்கும் கதை உண்டு. சமதக்கினி கொல்லப்பட்டபோது ரேணுகை அவருடன் தீப்புகுந்தாள். இந்திரன் மழை பெய்வித்து நெருப்பை அணைத்தான். உடலெல்லாம் கொப்புளங்களுடன், ஆடை எரிந்த நிலையில் எழுந்தவள் வேப்பிலையைப் பறித்து உடுத்திக்கொண்டாள். பசியோடு வந்தவளுக்குச் சேரிமக்கள் பச்சரிசி மாவும் வெல்லமும் இளநீரும் கொடுத்தார்கள்; வண்ணார் வீட்டார் சேலை கொடுத்தார்கள். ரேணுகையின் வடிவமாகக் கருதப்படும் மாரியம்மனுக்கு மாவிளக்கும் வேப்பிலையும் வந்த வரலாறாக எங்கள் பக்கத்தில் இதைத்தான் சொல்வார்கள். முனிவர்களின் வீட்டில் கிடைக்காத ஆறுதல் உழைப்பாளிகளின் வாசலில் கிடைத்தது என்பதை இந்தக் கதை மறைக்கவே இல்லை.

மாலையில் ஆரணி. கமண்டல நாகநதிக் கரையில் உள்ள இவ்வூரில், தசரதர் பிள்ளைவரம் வேண்டி வேள்வி செய்ததாகக் கூறப்படும் புதுக்காமூர் புத்திரகாமேட்டீஸ்வரரை வணங்கிவிட்டு, நெசவாளர் தெருவுக்குச் சென்றோம். ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருப்பதைப் பலர் அறிவார்கள்; தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகளான பாவு ஒன்று முடிந்து அடுத்த பாவு தொடங்கும்போது நடக்கும் வேலையை அறிந்தவர் குறைவு. தறியில் எஞ்சிய பழைய இழை ஒவ்வொன்றின் நுனியையும் புதிய இழையின் நுனியோடு சேர்த்து முறுக்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள். ஓர் அம்மாள் பக்கத்தில் கொட்டாங்கச்சியில் வைத்திருந்த சாம்பலை விரலால் தொட்டுத் தொட்டு, நாங்கள் பேசியதற்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டே, தலைநிமிராமல் பிணைத்துக்கொண்டிருந்தார். படவேட்டுத் திருநீற்றை அவரிடம் நீட்டினோம். கைவேலையை நிறுத்தி, கண்ணில் ஒற்றிப் பூசிக்கொண்டு, ஆடி மாதத்தில் ஒரு வெள்ளியாவது அம்மனைப் பார்க்காமல் இருந்ததில்லை என்றார்.

இக்கதையின் இன்னொரு பகுதி, கைத்தறிக்குப் பேர்போன குடியாத்தத்தில் வைகாசி முதல் நாளில் நிகழ்கிறது. தரணம்பேட்டை முத்தியாலம்மன் கோயிலிலிருந்து அம்மன் சிரசை ஊர்வலமாகக் கொண்டுவந்து, கோபாலபுரம் கெங்கையம்மன் கோயிலில் சண்டாளச்சி உடலின் மீது பொருத்துகிறார்கள். பரசுராமன் அவசரத்தில் தாயின் தலையை வேறொரு பெண்ணின் உடலோடு சேர்த்துவிட்டான் என்ற வழக்கின்படி நடப்பது அது. வேலூரிலிருந்து அது வேறு திசை. ஒரே நாளில் சேர்க்க இயலாது, அதற்கென்று தனியே போவதுதான் முறை.

ஆடி முதல் வெள்ளியில் தொடங்கி ஏழு வெள்ளிகளிலும் படவேட்டில் கூட்டம் மிகுதி. வேண்டுதல் உள்ளவர்கள் அப்போது போகட்டும். சக்கரத்தையும் தறியையும் நிதானமாகப் பார்க்க விரும்புகிறவர்கள் வேறு மாதத்தில், வார நாளில், கரிகிரிக்குக் காலை வெயில் ஏறுமுன் சென்றால் நல்லது.