பழைய சீகோவா, புது சீகோவா?

1965இல் வந்த சீகோவின் முக்குளிப்பு வாட்ச் 62மாஸ் 37 மி.மீ. அகலம், உராய்வைக் குறைக்கும் தாங்குகற்கள் 17, உள்சக்கரத்துக்கு மணிக்கு 18,000 அதிர்வு. 2020இல் வந்த அதன் நவீன மறுவடிவம் எஸ்பிபி143, 40.5 மி.மீ., 24 கல், 21,600 அதிர்வு. முழுதாகச் சாவி கொடுத்தால் புதியது 70 மணி நேரம் ஓடும்.

பழையதன் 150 மீட்டர் ஆழ நீர்த்தாங்கு திறனை இன்று நம்பவே கூடாது. நீர் புகாமல் அடைக்கும் ரப்பர் வளையம் (கேஸ்கெட்) இறுகிப்போயிருக்கும். சேலத்து வெயிலில் சூடேறிய வாட்ச், கொண்டை ஊசி வளைவுகள் ஏறி ஏற்காட்டுப் பனிமூட்டத்தில் குளிரும்போது உள்காற்று சுருங்கி ஈரத்தை இழுக்கும். கண்ணாடிக்குள் ஆவி படியும். வெயிலில் காயவைத்தால் ஈரம் வெளியேறாது, உள்ளேயே சுற்றும். அன்றே பின்மூடியைக் கழற்றிச் சுத்தம் செய்யக் கொடுங்கள். தாமதித்தால் சாவித் தண்டு துருப்பிடிக்கும்.

பழைய அக்ரிலிக் கண்ணாடியில் விழும் கீறலைப் பாலிஷ் போட்டே எடுத்துவிடலாம். புதிய சஃபையர் எளிதில் கீறாது, ஆனால் உடைந்தால் மாற்றத்தான் வேண்டும்.

மலையேறுபவர் புதியதையே கட்டுங்கள். அழகு பழையதில்தான், டயலுக்கு மறுபெயின்ட் அடித்திருந்தால் மட்டும் வாங்காதீர்கள். லென்ஸில் பார்த்தால் எழுத்தின் ஓரம் கசிந்திருக்கும்.