விரல் விறைப்பும் திங்கட்கிழமைக் குளிசையும்

எனக்கு வருத்தம் தொடங்கியது ஒரு காலபோகக் களைபிடுங்கல் நேரத்தில். இரண்டு கையிலும் விரல் மொழிகள் ஒரேமாதிரி வீங்கின. வயல் வேலைதான் காரணம் என்றார்கள். நொச்சி இலை ஒத்தடம் சுகமாகத்தான் இருந்தது, ஆனால் வீக்கம் வற்றவில்லை. விடிய எழும்பினால் சயிக்கிள் பிறேக்கைப் பிடிக்கக்கூட ஏலாது.

கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் டொக்டர் முதலில் வலியைப் பற்றிக் கேட்கவில்லை. "காலமை விறைப்பு எவ்வளவு நேரம் நிக்கும் பிள்ளை?" என்றார். பிறகு ஒவ்வொரு மொழியாகப் பெருவிரலால் அமத்திப் பார்த்தார். அந்தக் கேள்விதான் முக்கியம். பக்கத்து வீட்டு மாமிக்கு முழங்கால் தேய்மானம். அவருக்கு எழும்பிக் கொஞ்ச நேரத்தில் விறைப்பு விட்டுவிடும், நடந்து களைத்தால் பின்னேரம் நோ கூடும். எனக்கோ ஒரு மணித்தியாலத்துக்கு மேல் விறைப்பு, அசைய அசையத்தான் இளகும். இரத்தமும் சோதித்து, முடக்குவாதம் என்றார்கள். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டின் உள்சவ்வைத் தாக்குகிற வருத்தம் இது. வலிக்குளிசை நோவைக் குறைக்கும், எலும்பு அரிபடுவதை நிறுத்தாது.

யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குத் துண்டு தந்தார்கள். அங்கே தொடங்கிய மருந்து மெதோட்ரெக்ஸேட். இதைக் கிழமைக்கு ஒரே ஒரு நாள்தான் போட வேண்டும். தவறுதலாகத் தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. நான் திங்கட்கிழமையைக் குறித்து, கலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். பனடோலோடு சேர்த்து வைப்பதில்லை. போலிக் அமிலக் குளிசை வேறு நாளில். ஈரலுக்கும் இரத்த அணுக்களுக்கும் இடைக்கிடை சோதனை உண்டு.

மருந்து பிடிபட ஆறு கிழமையிலிருந்து மூன்று மாதம் செல்லும். அதற்குள் "ஒண்டும் சுகமில்லை" என்று விட்டுவிட்டு, விரல் கோணிய பிறகு திரும்பி வந்தவர்களைக் கிளினிக் வாங்கில் கண்டிருக்கிறேன். மனம் பதைக்கும். தயவுசெய்து இடையில் விடாதீர்கள்.

வீட்டு வேலையும் கொஞ்சம் மாறியது. இடியப்ப உரலை இப்போது இவர்தான் அமத்துகிறார். வாளியைப் பாதி நிரப்பி முழங்கையில் கொழுவித் தூக்குகிறேன். காலையில் வெதுவெதுப்பான தண்ணீரில் கையை வைத்து, விரலைப் பொத்தி விரிப்பேன்.

பிள்ளை பெற நினைக்கும் பெண்கள் இந்த மருந்தைத் தொடங்க முன்னரே டொக்டரிடம் சொல்லிவிட வேண்டும், கருவுக்குக் கூடாது. காய்ச்சலோ வாய்ப்புண்ணோ வந்தால் அடுத்த குளிசையைப் போடாமல், கிளினிக் கொப்பியோடு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.