இடைநிற்றலைப் பதிவேடு முன்பே சொல்லிவிடும்

பெண் பிள்ளை ஒரே நாளில் படிப்பை விட்டுவிடுவதில்லை. முதலில் வாரத்துக்கு ஒரு நாள் வரமாட்டாள், பிறகு இரண்டு நாள். அப்புறம் தேர்வுக்கு மட்டும் தலைகாட்டுவாள். விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும்போது பெயர் இருக்கும், ஆள் இருக்கமாட்டாள். அதற்குப் பிறகு வீட்டுக்குப் போய்ப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் வெறுங்கையோடுதான் திரும்புகிறார்கள். அவளுடைய பகல் பொழுதை அதற்குள் கூலி வேலையோ, தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வதோ, கல்யாணப் பேச்சோ பிடித்துக்கொண்டிருக்கும். பெண்கல்விக்காக ஏதாவது செய்ய வேண்டும் என்று கிளம்புகிறவர்கள் பேரணியையும் பதாகையையும் பிறகு பார்த்துக்கொள்ளட்டும். முதலில் பள்ளியின் வருகைப் பதிவேட்டைக் கேட்டு வாங்குங்கள்.

சதவீதத்தைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. 60 வேலை நாளில் 12 நாள் வராத பெண்ணுக்கு வருகை 80 சதவீதம்; கேட்பவர் காதுக்கு நன்றாகவே இருக்கும். அந்த 12 நாள் எப்படி விழுந்திருக்கிறது என்பதில்தான் விஷயம். சேர்ந்தாற்போல் 12 என்றால் காய்ச்சலாகவோ வெளியூர்ப் பயணமாகவோ இருக்கலாம். வாரம் தவறாமல் ஒரே கிழமை என்றால் அன்றைக்கு அம்மாவுக்கு வெளியே வேலை, வீட்டில் கைக்குழந்தை என்று இருக்கலாம். மாதத்துக்கு மூன்று நான்கு நாள், அடுத்தடுத்து என்றால் மாதவிடாயா என்று விசாரிக்கலாம். வந்தாலும் தினமும் முதல் பீரியடைத் தவறவிடுகிறாள் என்றால் தண்ணீர் சுமப்பதோ, காலைச் சமையலோ, தூரமோ காரணமாக இருக்கலாம். ஒரு கட்டம் போட்ட தாளில் கிழமைவாரியாக ஆப்சென்டைக் குறித்துப் பாருங்கள். ஒரு வகுப்புக்கு ஒரு மணி நேரம்கூடப் பிடிக்காது.

ஒரு எச்சரிக்கை. வருகையைப் பொறுத்து மானியம் வரும் இடங்களில் பதிவேடே பொய் சொல்லும். வாரத்தில் ஒரு நாள், சொல்லாமல், மதிய இடைவேளைக்குப் பிறகு தலையை எண்ணிப் பாருங்கள். காலையில் 38 என்று எழுதியிருக்கும் வகுப்பில் மதியம் 29 பேர் உட்கார்ந்திருந்தால், மீதி ஒன்பது பேர் யார் என்பதுதான் உங்கள் முதல் பட்டியல்.

பள்ளி மாறும் இடத்தில் இதைவிடப் பெரிய ஓட்டை இருக்கிறது. தொடக்கப் பள்ளி முடித்தவளைப் பழைய பள்ளி கணக்கிலிருந்து எடுத்துவிடும். புதிய பள்ளிக்கு அவள் வரவேண்டியவள் என்றே தெரியாது. இரண்டு பதிவேட்டிலும் தவறில்லை, நடுவில் ஒரு பெண் காணாமல் போயிருப்பாள். கடைசி வகுப்புப் பெயர்ப் பட்டியலின் நகலை எடுத்துக்கொண்டு, புதிய பள்ளி திறந்த முதல் வாரமே ஒவ்வொரு பெயராக டிக் அடியுங்கள். டிக் விழாத பெயர்களுக்கு ஒருவர் பொறுப்பு என்று அன்றே எழுதிவைக்க வேண்டும். "எல்லோரும் பார்த்துக்கொள்வோம்" என்றால் யாரும் பார்க்கமாட்டார்கள்.

வீட்டுக்குப் போகும்போது அறிவுரை வேண்டாம். படிப்பின் அருமை தெரியாமல் நிறுத்துகிற பெற்றோர் நாம் நினைப்பதைவிடக் குறைவு. ஒரு தாளில் அவளுடைய 24 மணி நேரத்தையும், பக்கத்திலேயே அண்ணன் தம்பியின் 24 மணி நேரத்தையும் வீட்டாரையே சொல்லச் சொல்லி எழுதுங்கள். அவளுக்கு ஐந்து மணி நேர வீட்டு வேலை, அவனுக்கு அரை மணி நேரம் என்று தாளில் பார்க்கும்போது வாதம் தேவைப்படாது. அந்த ஐந்து மணி நேரத்தில் எதை யார் எடுத்துக்கொள்ள முடியும் என்ற பேச்சு அவர்களிடமிருந்தே வரும். அடுத்து செலவு. "கட்டணம் இலவசம்தானே" என்பது பாதி உண்மை. சீருடை, நோட்டு, தேர்வுக் கட்டணம், போக்குவரத்து என்று மாதவாரியாக எழுதினால் பாதிக்குமேல் பள்ளி திறக்கும் மாதத்திலேயே வந்து குவிவது தெரியும். வீட்டில் ஒரு பிள்ளையைப் படிக்கவைக்கத்தான் பணம் இருக்கிறது என்றால் அந்த ஒரு பிள்ளை பையன்தான் என்று சொல்லவே வேண்டாம். உதவித்தொகை அரையாண்டு கழித்து வந்து பயனில்லை.

உதவித்தொகை வேலை செய்யும் என்பதற்குப் பங்களாதேஷ் நல்ல சான்று. 1994-ல் கிராமப்புறத்தில் ஆறு முதல் பத்தாம் வகுப்பு வரை படிக்கும் பெண்களுக்கு நாடு முழுக்கத் தொடங்கினார்கள். 75 சதவீத வருகை, தேர்வில் 45 சதவீத மதிப்பெண், பள்ளிப் படிப்பு முடியும்வரை திருமணம் இல்லை என்று மூன்று நிபந்தனைகள். ஆனால் நிபந்தனைக்கு ஒரு மறுபக்கம் உண்டு. ஆப்பிரிக்க நாடான மலாவியின் ஜோம்பா மாவட்டத்தில் 2008, 2009-ல் சிலருக்கு வருகை நிபந்தனையோடும் சிலருக்கு நிபந்தனையில்லாமலும் பணம் கொடுத்து ஒப்பிட்டார்கள். பள்ளியில் தங்கவைப்பதில் நிபந்தனை வென்றது. இளவயதுத் திருமணத்தையும் கர்ப்பத்தையும் குறைத்ததில் நிபந்தனையில்லாத பணம் வென்றது. காரணம் எளிது. நிபந்தனை வைத்தால், படிப்பை விட்ட பெண்ணுக்கு, அதாவது மிக அதிகமாகத் தேவைப்படுகிறவளுக்கு, அன்றோடு பணம் நின்றுவிடும். எங்கள் கருத்தைக் கேட்டால், தொகையின் ஒரு சிறு பகுதியையாவது நிபந்தனையில்லாமல் அவள் பெயரிலேயே வைக்க வேண்டும்.

தூரம் என்று தெரிந்தால் பணத்தைவிடச் சக்கரம் உதவும். பிகாரில் 2006-ல் ஒன்பதாம் வகுப்பில் சேரும் பெண்களுக்குச் சைக்கிள் திட்டம் வந்தது. உயர்நிலைப் பள்ளி 3 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த ஊர்களில்தான் சேர்க்கை நன்றாகக் கூடியது. தூரத்தை வரைபடத்தில் அளக்காதீர்கள். பள்ளி விடும் நேரத்தில் அந்தப் பெண்களோடு நடந்து பாருங்கள். எங்கே கூட்டமாக நடக்கிறார்கள், எங்கே பேச்சை நிறுத்தி வேகமாக நடக்கிறார்கள் என்று கவனித்தால் பயம் இருக்கும் இடம் தெரிந்துவிடும். ஐந்தாறு பேர் ஒரே நேரத்தில் கிளம்பும்படி குழு அமைப்பதற்குச் செலவே கிடையாது.

கழிப்பறை. 25 பெண்களுக்கு ஒன்று என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. எண்ணிக்கை சரியாக இருந்தும் யாரும் போகாத கழிப்பறைகள் ஏராளம். உள்ளே போய்க் கதவைச் சாத்திப் பாருங்கள். தாழ்ப்பாள் உள்பக்கம் இருக்கிறதா, கதவு நிலையில் அது நுழையும் துளை நேராக இருக்கிறதா? கதவு தொய்ந்து தாழ் ஒரு விரல் அகலம் கீழே இறங்கியிருந்தால், ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு மறு கையால் மாதவிடாய்த் துணி மாற்ற யாராலும் முடியாது. பை மாட்ட ஒரு ஆணி, மூடியுள்ள குப்பைக் கூடை, உள்ளேயே தண்ணீர், சோப்பு, பையன்கள் பக்கமாகச் சுற்றிப் போகாத தனி வழி ஆகியவையும் வேண்டும். சாவி ஆசிரியர் அறையில் இருந்தால் அது கழிப்பறை இல்லாத பள்ளிதான். கூடையை யார், எந்தக் கிழமை காலி செய்வது என்பதையும் எழுதிவைக்க வேண்டும்; கூடை நிரம்பியதும் துணி மலக்குழிக்குள் போகும், அடைத்துக்கொள்ளும், பிறகு பூட்டுத்தான்.

இதைச் சொன்னதும் எல்லோரும் நாப்கின் வாங்க ஓடுகிறார்கள். நேபாளத்தின் சித்வானில் நாப்கினுக்குப் பதிலாக, கழுவித் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் மாதவிடாய்க் கப் கொடுத்து ஆராய்ந்தபோது வருகையில் குறிப்பிடும்படி மாற்றம் இல்லை. அங்கே மாதவிடாயால் பெண்கள் தவறவிட்ட நாட்களே மிகச் சொற்பம். நாப்கின் வேண்டாம் என்பதல்ல, மானத்துக்கும் உடல் நலத்துக்கும் அது வேண்டியதே. ஆனால் உங்கள் கட்டம் போட்ட தாள் வேறு காரணத்தைக் காட்டும்போது, வருகை கூடும் என்ற கணக்கில் அதற்குப் பணம் போடாதீர்கள்.

திருமணம் பெரும்பாலும் நீண்ட விடுமுறையில் நடந்து முடிந்துவிடும். ஆகவே தேர்வுக்கு முந்தைய மாதமே பேச வேண்டும். வயதை நிரூபிக்கத் தாள் இல்லையென்றால் எந்தச் சட்டமும் கைகொடுக்காது. பள்ளியில் சேரும்போதே பிறப்புச் சான்றிதழ் இருக்கிறதா என்று பார்த்து, இல்லாதவர்களுக்கு அந்த ஆண்டே வாங்கிக் கொடுங்கள். பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்க 1979-ல் ஐ.நா. ஏற்ற உடன்படிக்கையின் 16-வது பிரிவு, குழந்தையின் நிச்சயதார்த்தமும் திருமணமும் சட்டப்படி செல்லாது என்கிறது. 10-வது பிரிவு பெண்களின் இடைநிற்றலைக் குறைப்பதையும், பாதியில் நின்றவர்களுக்கு எனத் திட்டங்கள் அமைப்பதையும் அரசின் கடமையாக்குகிறது. அதிகாரியிடம் மனு எழுதும்போது இந்த எண்களைக் குறிப்பிடுங்கள்.

கர்ப்பமான பெண்ணை வெளியே அனுப்பும் வழக்கம் சில இடங்களில் சட்டமாகவே இருந்தது. சியரா லியோன் 2015-ல் விதித்த தடையை மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் நீதிமன்றம் 2019 டிசம்பரில் பாகுபாடு என்று தீர்ப்பளித்தது. 2020 மார்ச்சில் தடை நீங்கியது. தான்சானியா 2021 நவம்பரில் கதவைத் திறந்தது. உத்தரவு வந்துவிட்டால் மட்டும் அவள் வந்துவிடமாட்டாள். பால் கொடுக்க இடைவேளை, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள், விட்ட வகுப்பிலேயே இடம், பெயர் சொல்லிக் கிண்டல் செய்தால் உடனே தட்டிக்கேட்கும் ஆசிரியர் எல்லாம் வேண்டும். அவளுக்குத் தனி வகுப்பு, தனி நேரம் என்று ஒதுக்குவது மறுபடி வெளியே அனுப்புவதற்கான மரியாதையான ஏற்பாடு.

கடைசியாகப் பெயர் நீக்கம். தொடர்ந்து இத்தனை நாள் வராவிட்டால் பெயரை எடுத்துவிடலாம் என்று பள்ளிகளில் ஒரு விதி இருக்கும். அதை யார் செய்கிறார், யாரைக் கேட்டுச் செய்கிறார் என்று விசாரியுங்கள். வீட்டுக்கு எந்தத் தேதிகளில் போனார்கள், யார் என்ன சொன்னார்கள் என்று எழுதி, இரண்டு கையெழுத்து விழுந்த பிறகே பெயரை எடுக்க வேண்டும் என்று பள்ளிக் குழுவில் தீர்மானம் போடச் சொல்லுங்கள். அதுவரை அந்தப் பெயர் பதிவேட்டில் இருக்கட்டும், தினமும் சத்தமாகக் கூப்பிடட்டும்.