பாதி வெள்ளை, பாதி காவி

கடற்படை அதிகாரிகளின் நெஞ்சில் வரிசையாக இருக்கும் ரிப்பன்களில் என் கண் தேடுவது ஒன்றைத்தான். பாதி வெள்ளை, பாதி காவி. மகாவீர் சக்கரம். போர்க்கால வீரத்துக்கான இரண்டாவது உயரிய விருது.

கேப்டன் மகேந்திர நாத் முல்லாவுக்கு அது அறிவிக்கப்பட்டபோது அணிந்துகொள்ள அவர் இல்லை. 1971 போரில் ஐஎன்எஸ் குக்ரி அவர் கப்பல். டிசம்பர் 9 இரவு, குஜராத்தை ஒட்டிய டையூ தீவுக்கு அப்பால் நடுக்கடலில், பாகிஸ்தானின் ஹங்கோர் நீர்மூழ்கி ஏவிய டார்பிடோ தாக்கியது. கப்பல் மூழ்கச் சில நிமிடங்கள்தான். தன் லைஃப் ஜாக்கெட்டை ஒரு மாலுமியிடம் கொடுத்துவிட்டார். மற்றவர்களைத் தப்பிக்கச் சொன்னவர், தான் மட்டும் கப்பலை விட்டு இறங்கவில்லை. 18 அதிகாரிகள், 176 மாலுமிகள் அன்று உயிரிழந்தார்கள்.

பல வருடப் பணிக்குக் கிடைக்கும் பதக்கங்களும் பெரியவைதான். ஆனாலும் இந்த ஒன்றின் முன்னால் எனக்குப் பேச்சு வருவதில்லை.

டையூவில், கடலைப் பார்த்தபடி, குக்ரியின் சிறு மாதிரி கண்ணாடிக்குள் நிற்கிறது.