அண்ணனை ஏன் அன்று வீட்டுக்கு அனுப்பவில்லை

ஆடி மாதத்தில் என் அண்ணனுக்குச் சளிப் பரிசோதனையில் காசநோய் உறுதியானபோது, மாத்திரைகளை வாங்கிக்கொண்டு மாலைப் பேருந்திலேயே ஊர் திரும்பிவிடலாம் என்றுதான் நாங்கள் எண்ணியிருந்தோம். ஆனால் ஆரம்ப சுகாதார நிலையத்தின் செவிலியர், மாத்திரைகளைக் கொடுக்கும் முன்பே ஓர் அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு எடையையும் உயரத்தையும் அளந்தார். எடை 38 கிலோ, உயரம் 165 சென்டிமீட்டர். உயரத்துக்கு ஏற்ற எடை இருக்கிறதா என்று காட்டும் உடல் நிறை குறியீடு 14-க்குச் சற்றுக் கீழே வந்தது; மிகக் கடுமையான மெலிவு. பிறகு நாடி பார்ப்பவர்போல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, ஒரு முழு நிமிடம் அண்ணனின் மார்பு ஏறி இறங்குவதை எண்ணினார். எண்ணுவது தெரிந்தால் நோயாளி தன்னையறியாமலே மூச்சை மாற்றிவிடுவார் என்று பின்னர் என்னிடம் விளக்கினார். 28 வந்தது, 24-ஐத் தாண்டினாலே ஆபத்தாம். விரலில் மாட்டிய கருவி ஆக்சிஜன் அளவை 92 என்று காட்டியது. அது 94-க்குக் குறையக் கூடாது. கணுக்காலை அழுத்தி வீக்கம் இருக்கிறதா என்று பார்த்தார்; எதையும் பிடிக்காமல் எழுந்து நிற்கச் சொன்னார். பத்து நிமிடத்தில் முடிவு தெரிந்தது: மாவட்ட மருத்துவமனையில் உடனே சேர்க்க வேண்டும்.

அண்ணன் மறுத்தார். தறிக்காரரிடம் முன்பணம் வாங்கியிருந்தார். "மாத்திரை கொடுங்கம்மா, வீட்டிலிருந்தே போட்டுக்கொள்கிறேன்" என்றார். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், 193 நோயாளிகளை வைத்து நடத்திய ஆய்வின் மூலம், சானடோரியம் எனப்படும் காசநோய் மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கு வீட்டுச் சிகிச்சை குறைந்ததன்று என்று 1959-இல் காட்டியது. அதன் பயனை இன்றுவரை உலகெங்கும் ஏழைகள் அனுபவிக்கிறார்கள். ஆனால் எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பும் வழக்கத்தில், எலும்பும் தோலுமாக மூச்சுத் திணறி வருபவரும் அனுப்பப்பட்டுவிடுகிறார். எங்கள் அப்பா அப்படித்தான் ஓர் ஊரில் மாத்திரைப் பையோடு அனுப்பப்பட்டு, பத்தொன்பதாம் நாள் இறந்தார். அன்று அவருடைய மூச்சை ஒருவரும் எண்ணவில்லை.

காசநோய் இறப்புகளில் பெரும்பகுதி சிகிச்சையின் முதல் இரண்டு மாதங்களிலேயே நிகழ்கிறது என்பதைக் கருத்தில் கொண்டு, எக்ஸ்ரேயும் இரத்தப் பரிசோதனையும் இல்லாமலே ஒரு செவிலியர் பார்த்துச் சொல்லக்கூடிய இந்த அளவுகளைத் தேசிய நோய்ப்பரவியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் வகுத்தார்கள். 2022 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு அதைக் காசநோய் இறப்பில்லாத் திட்டமாக நடைமுறைக்குக் கொண்டுவந்தது. செவிலியர் இதை எளிமையாகச் சொல்லி முடித்ததும், நான் அப்பாவை நினைவூட்டினேன். அண்ணன் அதன்பின் பேசவில்லை. 108 ஆம்புலன்ஸில் ஏறிக்கொண்டார்.

மருத்துவமனையில் பதினொரு நாட்கள் இருந்தார். முதல் நான்கு நாட்கள் ஆக்சிஜன் கொடுத்தார்கள். உணவைச் சிறிது சிறிதாகக் கூட்டினார்கள். மாதத்துக்கு 1,000 ரூபாய் என்ற கணக்கில் வர வேண்டிய ஊட்டச்சத்து உதவித்தொகை, வங்கிக் கணக்குச் சிக்கலால் மூன்று மாதம் தாமதமானது. மிகவும் தேவைப்படும் காலத்தில் அது வராமல் போவது சரிசெய்யப்பட வேண்டிய குறை. மற்றபடி, எடைக்கு ஏற்றபடி தினமும் மூன்று மாத்திரைகள், ஆறு மாதம், ஒருநாள்கூடத் தவறவில்லை. தை மாதத்தில் கடைசி மாத்திரை முடிந்த அன்று அதே எடைக்கருவி 47 கிலோ காட்டியது. செவிலியர் அன்றும் மணிக்கட்டைப் பிடித்தார். அண்ணனுக்கு இப்போது விஷயம் தெரியும்; சிரித்துவிட்டதால் அவர் மறுபடியும் முதலிலிருந்து எண்ண வேண்டியதாயிற்று.