விதையோடு வந்த அறிவும் கையில் பழக வேண்டிய அறிவும்

புதிய வேளாண் உத்தி ஒன்று பரவாதபோது, ‘விவசாயிகள் மாற மறுக்கிறார்கள்’ என்று சொல்லிவிடுவது எளிது. குறைந்த விதையும் தண்ணீரும் கொண்டு நெல் பயிரிடும் முறையான செம்மை நெல் சாகுபடி தமிழ்நாட்டுக்கு வந்த வரலாற்றைக் கவனித்தால் அந்தக் குற்றச்சாட்டு நிற்காது என்பதே என் கருத்து.

இந்த முறை மடகாஸ்கரில் உருவானது. அங்கே உழவர்களோடு பல்லாண்டுகள் பணியாற்றிய பிரெஞ்சுப் பாதிரியார் ஹென்றி டி லொலானியே, 1980களில், பதினைந்து நாள் இளநாற்றைக் குத்துக்கு ஒன்றாக அகல இடைவெளியில் நட்டு, தண்ணீரைத் தேக்காமல் காய்ச்சலும் பாய்ச்சலுமாக விட்டபோது, நெல்லின் அடியிலிருந்து கிளைக்கும் தூர்கள் வழக்கத்தைவிட மிகுதியாகக் கட்டுவதைக் கண்டார். கார்னெல் பல்கலைக்கழகத்தின் நார்மன் அப்ஹாஃப் அதைப் பிற நாடுகளுக்கு எடுத்துச் சொன்னார். 2000ஆம் ஆண்டு வாக்கில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சோதனைகளைத் தொடங்கியது. பிறகு காவிரி, தாமிரபரணிப் பாசனப் பகுதிகளில் உழவர்களின் வயல்களிலேயே அது செய்து பார்க்கப்பட்டது. ஏக்கருக்கு முப்பது கிலோ வரை விதை போட்ட இடத்தில் இரண்டு மூன்று கிலோ போதும் என்பது எந்த உழவரையும் நின்று கேட்க வைக்கும் செய்திதான்.

ஆனால் செய்தி போய்ச் சேருவது வேறு, செயல் போய்ச் சேருவது வேறு. 1960களில் ஆடுதுறை 27 ரகம் வந்தபோது வானொலி வழியாகவே அதன் புகழ் பரவி, தஞ்சைப் பகுதியில் ‘ரேடியோ நெல்’ என்று பெயர் பெற்றது. ரகம் மாறும்போது புதுமையின் பெரும்பகுதி விதைக்குள்ளேயே இருக்கிறது; வாங்கி விதைத்தால் நாற்றும் நடவும் ஏறக்குறைய பழகிய வழியிலேயே நடக்கும். செம்மை நெல்லில் விதை பழையது, வேலை முழுவதும் புதியது.

அந்த வேலையைச் செய்பவர் யார் என்பதைத்தான் புதிய முறைகளை உழவர்களிடம் கொண்டுசேர்க்கும் விரிவாக்கப் பணி போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். பயிற்சிக்கும் செயல்விளக்கத் திடலுக்கும் அழைக்கப்படுபவர் பெரும்பாலும் நிலத்துக்கு உரியவர். நாற்றை நடுபவர்களோ கூலி பேசிக் குழுவாக வரும் பெண்கள். கொத்தாக நாற்றை எடுத்து விரைவாக நட்டுப் பழகிய கைகளிடம், வேர் அறாமல் ஒற்றை நாற்றைப் பிரித்து, 22.5 சென்டிமீட்டர் சதுரத்தின் மூலைகளில் நடச் சொன்னால், முதல் பருவத்தில் வேலை மெதுவாகத்தான் நடக்கும். ஏக்கர் கணக்கில் கூலி என்றால் அந்தத் தாமதத்தின் நட்டம் அவர்கள் தலையில் விழுகிறது. நாள் கூலி என்றால் உழவர் தலையில் விழுகிறது. இருவருமே தயங்குவதை அறியாமை என்று சொல்வது நியாயமல்ல.

தண்ணீரும் அப்படித்தான். ஆழ்துளைக் கிணறு உள்ளவர் வயலைக் காயவிட்டு மீண்டும் பாய்ச்சலாம். முறை வைத்து வாய்க்காலில் தண்ணீர் வரும் கடைமடைக்காரர், அடுத்த முறை உறுதியில்லாதபோது, வந்ததைத் தேக்கி வைக்கவே செய்வார்.

மடகாஸ்கரிலேயே இந்த முறையை எடுத்துக்கொண்ட பலர் பின்னர் கைவிட்டார்கள். உணவு குறைந்திருக்கும் பருவத்தில் பிறர் வயலில் கூலி வேலை செய்தால்தான் அன்றைய சாப்பாடு என்ற நிலையில் இருந்த ஏழை உழவர்களால், தங்கள் வயலில் கூடுதல் உழைப்பைப் போட முடியவில்லை. விளைச்சல் எவ்வளவு கூடும் என்பதில் ஆராய்ச்சியாளர்களிடையே கடும் விவாதமும் நடந்திருக்கிறது. என் அக்கறை அதைவிட இந்த உழைப்புக் கணக்கில்தான்.

ஆகவே உழவர்கள் முறையைத் துண்டு துண்டாக எடுத்துக்கொண்டதில் எனக்கு வியப்பில்லை. சிலர் ஒன்றுக்குப் பதிலாக இரண்டு நாற்று வைத்தார்கள். சிலர் வரிசை நடவை மட்டும் வைத்துக்கொண்டார்கள். இந்த முறையில் களையெடுக்கத் தள்ளும் உருளைக் கருவியான கோனோவீடர் கனமாக இருந்ததால் சிலர் பழைய கைக்களையெடுப்புக்கே திரும்பினார்கள். இன்று நடவு இயந்திரத்துக்காகப் பாய் போலச் சுருட்டி எடுக்கும்படி நாற்று வளர்க்கும் பாய் நாற்றங்கால் போடுபவர்களும் ஏறக்குறைய அதே வயது இளநாற்றைத்தான் வரிசையாக நடுகிறார்கள். முறையின் அந்தப் பகுதி இயந்திரத்தோடு வயலுக்கு வந்துவிட்டது. நடவுக் குழுப் பெண்களுக்கு, கற்கும் நாட்களுக்கும் முழுக் கூலி கொடுத்துப் பயிற்சி அளித்திருந்தால், அது அவர்கள் கைத்திறனாகவே வந்திருக்கக்கூடும்.